‘நிறையத் தண்ணி குடியுங்கோ’: வலிகாமத்தில் ஒரு வீடும் அதன் மலசலகூடமும்

அந்த அக்கா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் நாற்பது பக்கக் கொப்பியைப் புரட்டினால், 14 மாதத்துக்குள் ஒரே குளிசை மூன்று தரம் எழுதப்பட்டிருக்கிறது. மூன்று தரமும் சலக்கடுப்பு, அதாவது சலவழித் தொற்று. மூன்று தரமும் காய்ச்சல் வந்த பிறகுதான் போயிருக்கிறார். அதுவரை பார்லித் தண்ணியும் செவ்விளநீரும்தான் மருந்து. கொப்பியை மூடித் தரும்போது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒவ்வொரு முறையும் சொன்னது ஒன்றுதான்: “நிறையத் தண்ணி குடியுங்கோ.”

“நானும் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு வந்திட்டன்,” என்றார் அக்கா. “குடிச்சா எங்க போறது?”

2023 தொடக்கத்திலிருந்து 2024 கடைசி வரை, ஒரு சிறிய பெண்கள் குழுவின் கள வேலையாக, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் ஒரு மீள்குடியேற்றக் குடியிருப்புக்கு மாதம் ஒரு தரம், சிலவேளை இரண்டு தரம் போய்வந்தேன். அந்த வீட்டில் மூன்று தலைமுறைப் பெண்கள்: அக்கா, அவருடைய தாய், தரம் 8 இல் படிக்கும் மகள். ஒரு சின்னப் பையனும் உண்டு. கணவர் மேசன் வேலைக்கு வன்னிப் பக்கம் போனால் கிழமைக்கணக்கில் அங்கேதான். பெயர் ஒன்றும் எழுதவில்லை. ஒழுங்கையையும் வளவையும் வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்பதால், அயலில் இரண்டு வீடுகளில் கண்டதையும் இந்த வீட்டோடு சேர்த்து ஒரு வீடாக எழுதுகிறேன்.

பெண்களுக்கு மலசலகூடம் என்ற தலைப்பை எடுத்தாலே, “அது இந்தியாப் பிரச்சினை எல்லோ, எங்கட சனத்திட்ட எல்லாருக்கும் கக்கூஸ் இருக்குத்தானே” என்று சொல்பவர்கள் யாழ்ப்பாணத்தில் உண்டு. பொய்யும் இல்லை. இலங்கையில் பத்து வீட்டில் ஒன்பதுக்கு மேல் மலசலகூடம் இருக்கிறது. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், வீடு வீடாகப் போய் நச்சரித்த குடும்பநல உத்தியோகத்தர்களும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் பல பத்தாண்டுகளாகச் செய்த வேலை அது. கக்கூஸ் என்ற சொல்லே ஒல்லாந்தர் விட்டுப்போனது. 1658 இலிருந்து 1796 வரை இருந்தவர்கள் கோட்டையோடு இதையும் தந்தார்கள். ஆனால் வயது போனவர்கள் இன்றைக்கும் ‘வெளிக்குப் போறது’ என்றுதான் சொல்கிறார்கள், வீட்டுக்குள்ளேயே மாபிள் பதித்துக் கட்டியிருந்தாலும்.

வீடுகளைக் கணக்கெடுக்கும் படிவத்தில் இந்த வீட்டுக்கும் மலசலகூடம் ‘உண்டு’ என்றுதான் கோடு விழும். அடுத்த கேள்வி: தனியா, பகிர்வா? பகிர்வு. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சேர்ந்து வைத்திருக்கும் படிநிலையில், எவ்வளவு நல்ல கோப்பை பதித்திருந்தாலும் இன்னொரு குடும்பத்தோடு பகிர்ந்தால் அது ஒரு படி கீழே இறங்கிவிடும். ஏன் இறக்குகிறார்கள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. கோப்பை கோப்பைதானே? விளங்கியது இந்த வளவுக்குப் போன பிறகுதான்.

வளவு

காணி 2 பரப்பு. யாழ்ப்பாணக் கணக்கில் 16 பரப்பு ஒரு ஏக்கர். ஆகவே இது 20 பேர்ச். 45 அடி அகலம், 121 அடி நீளம். மேற்குப் பக்கத்துக் காணி கணவரின் தமையனுடையது, அதுவும் அதே அளவு. இரண்டுக்கும் எல்லையில், முன்பக்கமாக ஒரு பங்குக் கிணறு. ஒழுங்கைக்கு அப்பால் ஒரு கிணறு, பின்வளவுக்காரரிடம் ஒன்று, மேற்கு வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்று.

கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 50 அடி வேண்டும் என்பது சுகாதாரப் பகுதியினர் வழக்கமாகச் சொல்லும் அளவு. ஒரு தாளில் இந்தக் காணிகளைக் கீறி, ஒவ்வொரு கிணற்றையும் சுற்றி 50 அடிக்கு ஒரு வட்டம் போட்டுப் பார்த்தேன். வட்டங்களுக்கு வெளியே கொஞ்சம் தாராளமாக மிஞ்சியது இரண்டு காணிக்கும் சேர்த்து ஒரே ஒரு மூலை: தமையன் காணியின் வடமேற்குக் கோடி, பனைவடலிக்குப் பக்கத்தில். கட்டியவர்கள் தாள் ஒன்றும் கீறவில்லை, கண்ணால் பார்த்தே அந்த மூலையைப் பிடித்திருக்கிறார்கள். தண்ணீருக்குச் சரியான இடம்தான்.

இது இந்த இரண்டு காணிக்கு மட்டும் வந்த தலையிடி அல்ல. கிணறு ஈசான மூலையில் வரவேண்டும் என்பது சாத்திரம். எல்லா வளவுக்காரரும் அப்படியே வைத்தால், உங்கள் கிணற்றுக்கு ஆகத் தூரமான தென்மேற்கு மூலை, குறுக்கே தொடும் வளவின் ஈசான மூலையில் போய் முட்டும். காணி 10 பரப்பு, 12 பரப்பு என்று இருந்த காலத்தில் அதனால் ஒன்றும் வரவில்லை. பிள்ளைகளுக்குச் சீதனமாக வெட்டி வெட்டி 2 பரப்பாகிய பிறகு உங்கள் குழி மற்றவரின் கிணற்றடியில் நிற்கிறது.

குடாநாட்டுக்கு ஆறு இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்து சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும் மழைநீர்தான். வலிகாமத்தில் பல இடங்களில் செம்மண் சில அடி, அதற்குக் கீழே வெடிப்பும் பொந்துமான கல். மண் வடிகட்டும், வெடிப்பு வடிகட்டாது. 50 அடி என்பது மண்ணை நினைத்துப் போட்ட அளவு. தோட்ட உரமும் மலக்குழிகளும் சேர்ந்து வலிகாமக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றை, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லைக்கு மேலே கொண்டுபோயிருப்பது திரும்பத் திரும்ப அளந்து கண்ட விஷயம். நெருப்புக்காய்ச்சல் (ரைபொயிட்) கூடுதலாகப் பதிவாகும் மாவட்டங்களில் யாழ்ப்பாணம் நெடுங்காலமாக முன்னுக்கு நின்றதும் தெரிந்த விஷயம்தான்.

ஆகவே தண்ணீரைக் காப்பாற்ற மலசலகூடத்தைத் தூரத் தள்ளுகிறோம். அதில் பிழை சொல்ல வரவில்லை. தள்ளிய தூரத்தை இருட்டில் நடப்பது யார் என்பது அளவு நாடாவில் இல்லை, அவ்வளவுதான். அக்காவின் குசினி வாசலிலிருந்து அந்த மூலைக்கு 90 அடி, நடுவில் வேலியில் குனிந்து போக விட்ட ஒரு பொட்டு, தமையன் வீட்டுத் திண்ணை, பிறகு வடலி.

வாளி

காலை நாலேகாலுக்கு எழும்பினால் நாலரைக்குள் போய் வந்துவிடலாம். பொட்டுக்குள்ளால் குனிந்து, ஒரு கையில் வாளி, மற்றக் கையில் ரோச் லைற். வடலிப் பக்கம் சுருட்டை விரியன் கிடக்கும் என்பதால் வெளிச்சம் நிலத்தில். ஐந்து மணிக்குப் பிந்தினால் தமையன் வீடு எழும்பிவிடும். அவர்கள் ஐந்து பேர், இவர்கள் ஐந்து பேர், கோப்பை ஒன்று.

வரிசையில் நிற்பது பெரிய பிரச்சினை இல்லை என்றுதான் நான் நினைத்தேன். அக்கா திருத்தினார். “அவர் திண்ணையில இருந்து பேப்பர் பாப்பார். அவருக்கு முன்னால வாளியோட போகேலாது தங்கச்சி.”

கணவரின் தமையன் நல்ல மனிதர். ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. கையில் வாளி இருந்தால் எங்கே போகிறாள் என்று தெரியும், எவ்வளவு நேரம் என்று தெரியும், இரண்டாம் தரம் போனால் அதுவும் தெரியும். படிநிலைக் கணக்கில் பகிர்வை ஏன் ஒரு படி இறக்கினார்கள் என்று எனக்குப் பிடிபட்டது அப்போதுதான்.

நாலே முக்காலுக்கு அரைக் கோப்பை வெறுந்தேத்தண்ணி. பிறகு பகல் ஒன்றரை வரை அரைப் போத்தல் தண்ணீர்தான். ஆறு மணிக்குத் தோட்டம்: வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்கல், கூலி வேலை. தோட்டக்காரர் வீடு கூப்பிடு தூரத்தில்தான், மலசலகூடம் வெளியே தனியாகத்தான் இருக்கிறது. “அவையள் இல்லையெண்டு சொல்லமாட்டினம். ஆனா நாங்கள் கேக்கிறேல்ல.” ஏன் கேட்பதில்லை என்பதை யாழ்ப்பாணத்து வாசகருக்கு நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. அந்த வீட்டில் இவர்களுக்குத் தேத்தண்ணி வருவதே வேறு கோப்பையில்.

வெங்காயப் பாத்தி ஒருவரையும் மறைக்காது. வாழை மறைக்கும், புகையிலை வளர்ந்தால் மறைக்கும். “புகையிலைக் காலத்தில எனக்குக் கடுப்பு வாறதில்லை,” என்று கூட வேலை செய்த ஒரு அம்மா சொன்னார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஆணின் சலவழி கிட்டத்தட்ட 20 சென்ரிமீற்றர். பெண்ணுக்கு 4 சென்ரிமீற்றர்தான், அதுவும் மலவாசலுக்குப் பக்கத்தில் திறப்பது. கிருமி ஏற அதிக தூரம் இல்லை. ஏறுவதைக் கழுவி வெளியே தள்ளுவது சலமே. குடிக்காமல், அடக்கிவைத்து, வெயிலில் ஏழு மணிநேரம் குந்தியிருந்தால் அந்தக் கழுவல் நடக்காது. மலச்சிக்கலும் மூலமும் இதன் பக்கத்துக் கதைகள். இரண்டையும் பற்றிக் கேட்டால் எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்குகிறார்கள். கர்ப்பிணிக்குச் சலவழித் தொற்று வந்தால் மாதம் நிறைய முதல் பிள்ளை பிறக்கும் ஆபத்து கூடும். கிளினிக்கில் சலம் சோதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அக்கா இளையவனை எட்டாம் மாதத்தில் பெற்றவர். இதனால்தான் என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன்.

பின்னேரம் வடலிக்குள் கள்ளுக் குடிக்க ஆட்கள் வந்து இருப்பார்கள். ஊர்ப் பெடியள்தான், தெரிந்த முகங்கள்தான். ஒருவரும் கை வைத்ததில்லை. ஆனால் எட்டரை, ஒன்பது மணிக்கு அவர்கள் எழும்பிப் போகும் வரை பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. போகும்போது மகளைக் கூட்டிக்கொண்டு, அல்லது மகள் தாயைக் கூட்டிக்கொண்டு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தபோது, இரவில் போவதையே நிறுத்தி வைத்திருந்தார்கள்.

கதிரை

அம்மாவுக்கு 67 வயது. 1990 இல் யுத்தத்தால் வலிகாமம் வடக்கிலிருந்து வெளிக்கிட்டவர். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் சாவகச்சேரிப் பக்கம் போய்த் திரும்பி வந்து, நலன்புரி நிலையம் என்று பெயர் வைத்த முகாமில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தார். சொந்தக் காணியும் வெளிநாட்டில் உறவும் உள்ளவர்கள் முகாம்களை விட்டு மெல்ல மெல்லப் போனார்கள். கடைசிவரை மிஞ்சியவர்களில் பலர் காணி இல்லாதவர்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர். இந்த 2 பரப்புக் கிடைத்ததே பெரிய காரியம் என்று அவர் நினைப்பதில் நியாயம் உண்டு.

முகாமில் தகரம் அடித்த வரிசை மலசலகூடங்கள். எத்தனை குடும்பத்துக்கு எத்தனை என்று அவருக்கு நினைவில்லை. காலை வரிசை மட்டும் நினைவிருக்கிறது. ஊரடங்கு இரவுகளில் குடிசைக்குள் ஒரு பிளாஸ்ரிக் பேசின். “இரவுச் சாப்பாட்டை விட்டது அங்கதான் பிள்ளை,” என்றார். “பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு ஒண்டும் தொடமாட்டன். பிறகு அது பழகிப் போச்சு.” இங்கே வந்தும் பழகியது போகவில்லை. நீரிழிவுக் குளிசை எடுக்கும் ஒரு மனுசி இரவு பட்டினி கிடக்கிறார் என்பது கிளினிக்கில் ஒருவருக்கும் தெரியாது, கேட்டவரும் இல்லை.

முழங்கால் மடியாது. குந்து கோப்பையில் இருக்கமுடியாது. மருமகன் ஒரு பழைய பிளாஸ்ரிக் கதிரையின் நடுவை வாளால் வட்டமாக வெட்டி, வெட்டிய விளிம்பு கிழிக்காமல் இருக்க சைக்கிள் ரியூப் சுற்றிக் கொடுத்திருக்கிறார். நல்ல வேலைப்பாடு. ஆனால் கதிரையை உள்ளே விட்டுவைக்க இடம் போதாது, மற்ற ஒன்பது பேருக்கும் இடைஞ்சல். அதனால் ஒவ்வொரு முறையும் பேத்தி கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முன்னே போவாள், அம்மம்மா பின்னே போவார். இரவுக்குக் கட்டிலுக்கடியில் ஒரு பெரிய பால்மாப் பேணி. விடிய அதை ஊற்றிக் கழுவுவது அக்கா.

நாய்

மகள் பெரிய பிள்ளையானது 2022 இல். ரூபா விழுந்து, மாதவிடாய்ப் பாட் விலை ஏறி, மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற வருடம். அந்த வருடத்திலும் சாமத்திய வீடு செய்தார்கள். பந்தல், வீடியோ, ஒரு பகுதி கடன். நான் போகவில்லை, அல்பம் பார்த்தேன். பிள்ளை பெரிசான செய்தியை ஊர் முழுக்கச் சொல்லி அழைத்த வீட்டில், அவள் துணி மாற்றக் கதவு பூட்டும் ஒரு இடம் இருக்கவில்லை. இதைச் சொன்னதற்கு அக்கா என்னோடு ஒரு மாதம் சரியாகக் கதைக்கவில்லை. செய்யாமல் விட்டிருந்தால் ஊர் என்ன கதைத்திருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். நான் வாயை மூடியிருக்கலாம்.

பாடசாலையில் பெண் பிள்ளைகளுக்குத் தனி மலசலகூடம் இருக்கிறது. பழுதாக்குவார்கள் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். திறப்பு அலுவலகத்தில் ஆணியில் தொங்கும். போய்க் கேட்டு வாங்கவேண்டும். குழாய் வெளியே, குப்பை வாளி இல்லை. அவள் திறப்புக் கேட்டதே இல்லை. மாதாமாதம் முதல் இரண்டு நாள் வீட்டில் நிற்பாள். ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு வயிற்றுக்குத்து என்ற பதில். 2018 இல் இறக்குமதிப் பாட்களுக்கு எல்லா வரியும் சேர்ந்து 100 வீதத்தைத் தாண்டியிருந்தது. பிறகு படிப்படியாகக் குறைத்தார்கள். 2024 இல் தெரிவுசெய்த பாடசாலைகளின் மாணவிகளுக்கு 1,200 ரூபா வவுச்சர் கொடுத்தார்கள். நல்ல விஷயம், அவளுக்கும் கிடைத்தது. பாவித்ததை எங்கே போடுவது என்பது வவுச்சரில் இல்லை.

குழிக்குள் போட்டால் குழி நிறையும், கோப்பை அடைக்கும். தமையன் மனைவி ஒருமுறை கம்பியால் குத்தி எடுத்துவிட்டு எல்லோர் காதிலும் விழச் சத்தம் போட்டார். எரிக்க அம்மம்மா விடமாட்டார். எரித்தால் வயிறு திறக்காது, பிள்ளை கிடைக்காது என்பது அவர் நம்பிக்கை. அதனால் சொப்பிங் பையில் சுற்றி இரவில் வடலிக்குள் எறிவது. 2023 ஆவணியில் ஒரு காலை, நாய் ஒன்று அந்தப் பையை இழுத்துக்கொண்டு வந்து தமையன் வீட்டு முற்றத்தில் போட்டுக் கிழித்தது. கூட்டிக்கொண்டிருந்தவர் தும்புத்தடியால் அதைத் தள்ளி மூடிவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

கொண்டி

நான் முதல் தரம் அந்த மலசலகூடத்தைப் பார்த்தபோது கதவில் கொண்டி இல்லை. தகரக் கதவு, கீழ்ப்பக்கம் உக்கி ஒரு சாண் இடைவெளி. உள்ளே ஒரு நைலோன் கயிறு தொங்கியது. இருக்கும்போது அதை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றக் கையால்தான் மீதி எல்லாம். துணி மாற்றுவது உட்பட.

ஆண்கள் இருமிக்கொண்டு வருவார்கள், உள்ளே இருப்பவர் திரும்ப இருமவேண்டும். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு கொண்டி சில நூறு ரூபா. அதைப் போட 11 மாதம் எடுத்தது. இந்த ஆய்வில் எனக்கு ஆகக் கஷ்டமாக இருந்தது அந்தப் 11 மாதத்தை விளங்கிக்கொள்வதுதான். அக்காவின் கணவர் மேசன். கொண்டி பூட்ட அவருக்குப் பத்து நிமிடம். ஆனால் கூடம் தமையனின் காணியில் நிற்கிறது, தமையனிடம் கேட்காமல் கை வைத்தால் அது குற்றம் சொன்னமாதிரி. தமையனுக்குக் கொண்டி இல்லாததே தெரியாது. அக்கா தமையன் மனைவியிடம் கேட்கவில்லை, பாவிக்க விடுவதே பெரிது என்று. தமையன் மனைவி? மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டம் ஒன்றில், வேறு யாரோ கதவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியபோது அவர் சொன்னார்: “நானும் கயித்தைத்தான் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன். அவைக்கு அது பறவாயில்லையாக்கும் எண்டு நினைச்சன்.”

இரண்டு பெண்கள், ஒரே கயிறு, ஒருவர் மற்றவருக்குப் பரவாயில்லை என்று இருவரும் நினைத்துக்கொண்டு. அடுத்த கிழமை தமையன் மனைவியே சீட்டுக்காசில் கொண்டியும் ஒரு துண்டுத் தகரமும் வாங்கி வந்தார். பூட்டியது தமையன். “இதை முதலே சொல்லியிருக்கலாமே,” என்றாராம்.

கட்டினது

கொண்டி வந்த பிறகு பெண்கள் கதைக்கத் தொடங்கினார்கள், அதுதான் கொண்டியால் வந்த பெரிய பலன். வீட்டுத்திட்டக் காசு கட்டம் கட்டமாக வந்து கூரையோடு முடிந்திருந்தது. தனி மலசலகூடம் பிறகு என்று விட்டு, அந்தப் ‘பிறகு’ 2022 இல் சீமெந்துப் பை மூன்று மடங்கு விலையானபோது கைவிட்டதாகிவிட்டது. 2024 இல் பொருட்களுக்கு ஒரு சிறு உதவித்தொகையும் சங்கத்துக் கடனும் சேர்ந்தன, கூலி கணவருடையது.

இடத்தைப் பெண்கள் தெரிந்தார்கள். கொடிக்கயிற்றை எடுத்துக்கொண்டு குசினி வாசலிலிருந்து நடந்து பார்த்தார்கள். அம்மா இரவில் பிடித்துக்கொண்டு நடக்கச் சுவர் இருக்கவேண்டும், குசினி லைற்றின் வெளிச்சம் விழவேண்டும், ஒழுங்கையிலிருந்து கதவு தெரியக்கூடாது. 25 அடியில் ஒரு இடம். பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அளந்தார். பங்குக் கிணற்றுக்கு 68 அடி, பிரச்சினை இல்லை. பின்வளவுக் கிணற்றுக்கு 38 அடி. விடமுடியாது என்றார். அவர் வேலையை அவர் சரியாகத்தான் செய்தார்.

ஒரு மணிநேரம் வளவில் நின்று கதைத்ததில் முடிவானது இது: அடியும் சுவரும் பூசி இறுக்கிய இரண்டறைச் செப்ரிக் ராங் புது இடத்தில், அதிலிருந்து வழியும் தண்ணீர் குழாயில் வேலிக்குக் கீழால் போய், எல்லா வட்டத்துக்கும் வெளியே நிற்கும் பழைய குழிக்குள் இறங்கும். தூரத்தை மனுசர் நடப்பதற்குப் பதில் குழாய் நடக்கும். தமையன் உடனே சம்மதித்தார். தாளையடியில் நாளுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறந்தாகிவிட்டது, குழாய்த் தண்ணீர் வந்தால் இந்த அளவையெல்லாம் தேவையில்லை என்று ஒருவர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. குளிக்கவும் தோட்டத்துக்கும் கிணறுதான். குழாய் நிற்கும் நாளில் குடிக்கவும் கிணறுதான்.

கோப்பைக்குச் சண்டை நடந்தது. அம்மாவுக்குக் கொமேட் வேண்டும். அக்காவுக்கு அதற்கு ஊற்றும் தண்ணீரை நினைத்தாலே கை நோ. கடைசியில் கொமேட்தான், ஆனால் சிஸ்ரன் இல்லாமல், வாளியால் ஊற்றுவது. சுவரில் பிடிக்க ஒரு இரும்புக் குழாய். மகள் கேட்டது மூன்று: உள்ளே சுவிச், உடுப்புக் கொழுவ ஆணி, மூடியுள்ள வாளி. வரைபடத்தில் இந்த மூன்றும் இருக்கவில்லை. குசினிக்குப் பின்னால் உடைந்த கிணற்று வளையம் ஒன்றில் பாட் எரிக்க ஒரு இடம் செய்தார்கள். அம்மம்மா, “எரிக்கிறதெண்டா எரியுங்கோ, நான் பாக்கேல்லை,” என்று உள்ளே போய்விட்டார்.

மார்கழியில் கடைசியாகப் போனபோது, அம்மா இரவு இரண்டு இடியப்பம் சாப்பிடத் தொடங்கியிருந்தார். கதிரை கோழிக்கூட்டுக்கு மேலே கிடந்தது. அக்காவின் கொப்பியில் ஐந்து மாதமாகப் புதிதாக ஒன்றும் இல்லை. தோட்டத்தில் எதுவும் மாறவில்லை. ஒன்றரை வரைக்கும் அதே அரைப் போத்தல் தண்ணீர்தான், அதிலும் மிச்சம் கொண்டுவருவார். பாடசாலைத் திறப்பு இன்னும் அலுவலக ஆணியில்தான். அதற்கு அதிபரிடம் போக நாலு தாய்மார் சேர்ந்திருக்கிறார்கள், நாள் குறிக்கவில்லை.

ராங் எப்போதாவது நிறையும். அள்ளும் பவுசர் இவர்களின் ஒழுங்கைக்குள் திரும்பாது. முன்னால் நிறுத்தினால் குழாய் எட்டாது. பின்வளவு வழியாக விட்டால் எட்டும், வேலியில் இரண்டு கதியாலைப் பிடுங்கினால் போதும். பின்வளவுக்காரரிடம் கேட்டிருக்கிறார்கள். அவருடைய கிணற்றுக்காகத்தான் ராங்கை இறுக்கிக் கட்டியது. தைப்பொங்கல் முடியட்டும், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.